தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தவன்

உப்புக்கிடங்குத் தெருவில் டிராம் ஓடி ஓய்ந்து, அதை ஓட்டியவர்களும் அதில் ஏறியவர்களும் ஓய்ந்து, அப்படி ஒன்று ஓடியதா என்று கேட்கிற பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் செய்துகொண்ட பிறகு, ஒரு சித்திரை மாதத்து வெயிலில், தார் ரோட்டைப் பிளந்துகொண்டு டிராம் தண்டவாளம் மேலே வந்தது. டிராமை நிறுத்தியபோது அதைப் பெயர்த்தெடுக்க யாருக்கும் பொறுமை இல்லாததால் மேலேயே தாரைக் கொட்டி மூடிவிட்டுப் போயிருந்தார்கள், அது இத்தனை வருஷம் கீழே கிடந்து பார்த்துவிட்டு இப்போது எழுந்து வந்தது, அவ்வளவுதான். காலையில் வாசல் தெளிக்க வந்த பெண்கள், தெருவின் ஒரு ஓரமாகப் போய் டாக்கீஸ் முனையில் வளைந்து, மறு ஓரமாகத் திரும்பி மார்க்கெட் முனையில் வளைந்து, தொடங்கிய இடத்திலேயே போய்ச் சேர்கிற அந்த இரும்பு வளையத்தைப் பார்த்தார்கள். ஒரு பொட்டுத் துருகூட இல்லை. கோலத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

டிராம் தண்டவாளம் ரயில் தண்டவாளம் மாதிரி தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்காது. ரோட்டோடு ரோடாகப் படுத்திருக்கும், நடுவில் சக்கரம் பதிந்து ஓட ஒரு பள்ளம் இருக்கும், ஒரு சைக்கிள் டயர் உள்ளே இறங்க அந்தப் பள்ளம் போதும். குறுக்காக நேரே கடந்தால் ஒரு குலுக்கலோடு போய்விடலாம். கொஞ்சம் சாய்வாகப் போனால் முன்சக்கரம் இறங்கிவிடும், ஹாண்டில்பார் சொன்ன பேச்சைக் கேட்காது, ஆள் முன்னால் போய் விழுவான். பால்காரர் விழுந்தார், தபால்காரர் விழுந்தார், சவேரியார் கோயில் கணக்கப்பிள்ளை விழுந்து மேல்வரிசைப் பல்லை உடைத்துக்கொண்டார், மாவுக்கட்டு போடுகிற வைத்தியர் வாசலில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று. தெருக்காரர்கள் தண்டவாளத்தைத் திட்டவில்லை, விழுந்தவர்களைத் திட்டினார்கள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வந்தாய் என்று தூக்கிவிடும்போதே கேட்டார்கள், இரண்டு வாரத்தில் தூக்கிவிடுவதையும் நிறுத்திவிட்டுக் கேள்வியை மட்டும் கேட்டார்கள்.

விழாதவன் ஒருவன் இருந்தான். சவரிநாதன் என்று பேர், சந்திரோதயா டாக்கீஸில் பெட்டி கொண்டுவருகிறவன். அப்போதெல்லாம் ஒரே படப் பிரதியை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டகையில் ஓட்டுவார்கள். பாலம் தாண்டி இருந்த கொட்டகையில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் அதை டப்பாவில் போட்டு, டப்பாவைக் கேரியரில் கட்டி, இங்கே ஓடுகிற ரீல் தீர்வதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சவரி ஒரு நாளும் தாமதமானதில்லை, ஒரு நாளும் விழுந்ததில்லை, மழையில் விழுந்ததில்லை, மாடு குறுக்கே வந்து விழுந்ததில்லை, சாவு ஊர்வலத்துக்குள் புகுந்து வெளியே வந்தபோதும் விழுந்ததில்லை, அதில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மதிய ஆட்டத்துக்குக் கடைசி ரீலைக் கட்டிக்கொண்டு பறந்து வந்தபோது அவன் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் விழுந்து, கையை ஒடித்துக்கொண்டு, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் சுகமாகப் படுத்திருப்பார்கள். சவரி சமாளித்தான். உடம்பை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் நிமிர்த்தி, பின்சக்கரத்தையும் அதே பள்ளத்துக்குள் கொண்டுவந்து, ஹாண்டில்பாரை நேராக்கி, விழாமல் போனான். டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அதன் பிறகு அந்தச் சைக்கிள் தண்டவாளத்தை விட்டு வரவில்லை.

மிதித்தாலும் போயிற்று, மிதிக்காவிட்டாலும் போயிற்று. பழைய டிராம் போகுமே, கூட நடக்கிறவன் கொஞ்சம் எட்டி நடந்தால் ஏறிக்கொள்கிற மாதிரி, அந்த வேகத்தில் போயிற்று. டாக்கீஸ் வாசலில் மேனேஜர் பத்மநாபன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வில்லன் கதாநாயகியைக் கட்டிப்போட்டிருந்த இடத்தில் ரீல் தீர்ந்து ஜனங்கள் நாற்காலியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“யோவ் சவரி, எங்கய்யா போற? நிறுத்துய்யா!”

“நிக்க மாட்டேங்குது சார்!”

“பிரேக்கைப் புடிய்யா!”

“புடிச்சிக்கினுதான் சார் போறேன்!”

பத்மநாபன் சவரியின் பின்னாலேயே ஓடினார், கேண்டீன்காரர் ஓடினார், டிக்கெட் கிழிக்கிறவர் ஓடினார். மார்க்கெட் முனை வளைவில் அவனைப் பிடித்து, மீன் வெட்டுகிற கத்தியை வாங்கிக் கேரியர் கயிற்றை அறுத்து, டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினார்கள். படம் முடிந்தது, கதாநாயகி காப்பாற்றப்பட்டாள், விசில் பறந்தது, வெளியே வந்த ஜனங்கள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த சவரியை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பெட்டி வந்துவிட்டதால் அவனைப் பற்றி டாக்கீஸில் யாரும் பிறகு விசாரிக்கவில்லை.

அவனை இறக்கப் பார்க்காமல் இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் சைக்கிளை மறித்துப் பிடித்தார்கள், அது அவர்களையும் இழுத்துக்கொண்டு போயிற்று. தாம்புக்கயிற்றால் விளக்குக்கம்பத்தில் கட்டினார்கள், கம்பம் சாய்ந்தது. சவரியை மட்டும் தூக்கப் பார்த்தார்கள், இருக்கையோடு வைத்துத் தைத்த மாதிரி இருந்தான். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், அங்காளம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழத்தைப் பள்ளத்தில் வைத்தார், சவரி அதன் மேலே ஏறிப் போனான். எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது என்ற திருப்தி தெருவுக்கு வந்தது. அந்தத் திருப்தி வந்துவிட்டால் நம் ஜனங்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள், அதிலும் அடுத்தவன் கஷ்டமென்றால் ரொம்ப நன்றாகவே தாங்கிக்கொள்வார்கள்.

சவரியின் பெண்டாட்டி அமலோற்பவம் மார்க்கெட்டில் இறால் உரிக்கிறவள். அப்போது நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டு, அவன் கூடவே நடந்து ஊட்டினாள்.

“வலிக்குதாய்யா?”

“வலி இல்ல அமலம். காலை நீட்டி ஒரு தரம் படுத்தா போதும்னு இருக்கு.”

“படுக்கலாம், படுக்கலாம். நான் எதுக்கு இருக்கேன்?”

அவள் அதைச் சும்மா சொல்லவில்லை. அவனை இறக்கிப் படுக்க வைப்பது என்று அன்றைக்கு நினைத்தவள் அதற்குப் பிறகு வேறு எதையும் பெரிதாக நினைக்கவில்லை.

சவரி ஹாண்டில்பார்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கப் பழகினான், மழைக்குக் கோணிப்பையைப் போர்த்திக்கொள்ளப் பழகினான், மற்ற உபாதைகளுக்கு அவனும் தெருவும் சேர்ந்தே கண்ணை மூடிக்கொள்ளப் பழகினார்கள். டீக்கடைக்காரர் போகும்போது கிளாஸை நீட்டினார், வரும்போது வாங்கிக்கொண்டார். எல்லோரும் அவனைப் பாவம் என்றார்கள். பாவம் என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்தபோது, எதிர்வீட்டுக் கன்னியம்மா ஒரு டிபன் கேரியரோடு வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரருக்கு மார்க்கெட் முனையில் ஐஸ் கிடங்கில் வேலை.

“தப்பா நினைக்காத சவரி. போறவன்தானே நீ. அந்த முனையில எங்க வூட்டுக்காரரு நிப்பாரு, குடுத்துட்டுப் போயேன்.”

நம் ஊரில் எங்காவது போகிறவன் வெறுங்கையோடு போய்விட முடியாது. ஊருக்குப் போகிறவன் கையில் ஊறுகாய் ஜாடியைக் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம் வரும் வழியில் வெற்றிலை வாங்கி வரச் சொல்வார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சவரியும் எடுத்துக்கொள்ளவில்லை. சோறு போயிற்று, இட்லி மாவு போயிற்று, தைக்கக் கொடுத்த ஜாக்கெட் போயிற்று, கல்யாணப் பத்திரிகை போயிற்று, ரேஷன் கடைக்குப் போக வேண்டிய கன்னியம்மாவின் மாமனாரைக் கேரியரில் உட்கார வைத்து அனுப்பினார்கள், அவர் இறங்கும்போது சவரியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், அவரால் இறங்க முடிந்தது. மூன்று வீட்டுக் குழம்பும் ஒரே ஹாண்டில்பாரில் தொங்கின. முதலில் ஐயோ பாவம் என்று கொடுத்தார்கள், பிறகு வழக்கம் என்று கொடுத்தார்கள், அதற்கும் பிறகு சாம்பார் ஏன் சிந்திற்று என்று கேட்டார்கள். கவுன்சிலர் தணிகாசலம் தன் கட்சிக்கொடியைச் சவரியின் சைக்கிளில் கட்டினார். கொடி நாள் முழுக்கத் தெருவைச் சுற்றி வந்தது.

ரீத்தா பிறந்தபோது அமலோற்பவம் பச்சைப்பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். ஒரு சுற்று அவன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தான், குழந்தை தூங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது சவரி அழுதான். அந்த அழுகையைப் பார்த்தபிறகுதான் அவள் துறைமுகத்துக்குப் போய், உடைந்த கப்பல் தகடுகளை நெருப்பால் வெட்டுகிற ஓர் ஆளைக் கையோடு கூட்டிவந்தாள்.

அந்த ஆள் தண்டவாளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமில்லை, ஓரிடத்தில் வெட்டி ஒரு துண்டை எடுத்துவிட்டால் சக்கரம் வெளியே வந்துவிடும், ஆள் இறங்கிவிடலாம் என்றான். சிலிண்டரை இறக்கினான், குழாயை மாட்டினான். அதற்குள் தெரு கூடிவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் நல்லவர்களாக, அக்கறையாகப் பேசினார்கள், அதுதான் இன்னும் எரிச்சல்.

“இது சர்க்கார் சொத்தும்மா,” என்றார் தணிகாசலம். “வெட்டினா உன்னை உள்ள போட்டுருவாங்க. உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

“டிராமே இல்ல, அப்புறம் யாரு சொத்துண்ணா இது?”

“யாரு சொத்துன்னு தெரியாததெல்லாம் சர்க்கார் சொத்துதான்.”

“ஆடிக்கூழு முடியட்டும் அமலம்,” என்றாள் கன்னியம்மா. “பாத்திரமெல்லாம் அந்தக் கோடி வரைக்கும் போவணும்.”

“தங்கச்சி நிச்சயதார்த்தம் இருக்கு,” என்றார் ஒருவர்.

“அவனுக்கு இன்னாம்மா கொறச்சல்?” என்றார் கேரியரில் போய்வரும் மாமனார். “வேளைக்கு டீ வருது, சோறு வருது, எல்லாரும் பேர் சொல்லிக் கூப்புடறாங்க. கீழ எறங்கி அவன் இன்னா பண்ணப் போறான்?”

வெட்ட வந்தவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு குழாயைச் சுருட்டி, சிலிண்டரை வண்டியில் ஏற்றி, அவளை ஏறிட்டுப் பார்க்காமல் போய்விட்டான். அமலோற்பவம் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். சவரி மூன்று முறை அவளைக் கடந்து போனான், மூன்று முறையும் அவன் கைகள் இரண்டிலும் யாருடைய பாத்திரமோ இருந்தது.

பிறகு தேர்தல் வந்தது, தேர்தலுக்கு முன்னால் தார் வந்தது. தார் போட்டால் தண்டவாளம் மூடிவிடும், தண்டவாளம் மூடினால் சவரி தானாக இறங்கிவிடுவான் என்று தணிகாசலம் மேடையில் சொன்னார், ஜனங்கள் நம்பினார்கள். மேலே ஒன்றைப் போட்டுவிட்டால் கீழே இருப்பது இல்லாமல் போய்விடும் என்பதில் இந்த ஊருக்கு இருக்கிற நம்பிக்கை சாமிமேல்கூட இல்லை.

“சுரண்டிட்டுப் போடுங்கண்ணா,” என்று அமலோற்பவம் கான்டிராக்டரிடம் கெஞ்சினாள். “பேத்து எடுத்துட்டுப் போடுங்க. மேலயே போட்டா அடியில இருக்கறது எங்க போவும்?”

“சுரண்டற வேலை எஸ்டிமேட்ல இல்லம்மா.”

கொதிக்கிற தாரைக் கொட்டினார்கள், ரோலர் ஓடிற்று, சவரி அதன் நடுவே போனான், போன இடத்தில் தார் விலகி ஒரு கோடாக நின்றது. ரோடு ஒரு சாண் உயர்ந்தது, அவன் உயரவில்லை. அடுத்த தேர்தலுக்கு இன்னொரு சாண் உயர்ந்தது, இடைத்தேர்தலுக்கு ஒன்று, மந்திரி ஒருவர் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லி வராமல் போனதற்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவள் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று போய் நின்றாள், ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். சக்கரம் மறைந்தது, பெடல் மறைந்தது, அவன் இடுப்பு வரைக்கும் ரோட்டுக்குள் போய், ரோட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு பாதி ஆளாகச் சுற்றி வந்தான். தெரு அதற்கும் பழகிற்று. நின்றுகொண்டு நீட்டிய டீயைக் குனிந்து நீட்டினார்கள், பிறகு குந்திக்கொண்டு நீட்டினார்கள்.

ரோடு உயர உயர வீடுகள் தாழ்ந்தன. ஏறிப் போன வாசற்படிகள் இறங்கிப் போகிற படிகளாயின, மழை பெய்தால் சாக்கடை அடுப்படிக்கு வந்தது, கடன் வாங்கி எல்லோரும் தரையை உயர்த்திக்கொண்டார்கள், உயர்த்தியதில் தலை விட்டத்தில் இடித்தது. அமலோற்பவம் மட்டும் தன் தரையை உயர்த்தவில்லை. மழைக்காலத்தில் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தாள். அந்தாள் எந்த உயரத்தில் போகிறாரோ அந்த உயரத்திலேயே என் வீடும் இருக்கட்டும் என்றாள், பைத்தியம் என்றார்கள்.

ரீத்தா வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போக அரசாங்கத்துச் சைக்கிள் கிடைத்தது. அப்பன் மாதிரியே அவளும் விழவில்லை, கையை விட்டுவிட்டு ஓட்டினாள், தெருவில் எல்லோரும் அப்படியே சவரி என்றார்கள், அவளுக்கு அதில் பெருமைதான். அப்பா என்றால் அவளுக்கு நடுவகிடு எடுத்த ஒரு தலை. அதற்குள் அவ்வளவுதான் ரோட்டுக்கு மேலே தெரிந்தது. ஒரு காலைவேளையில் எதிரே வந்த தண்ணி லாரிக்கு ஒதுங்கியபோது அவள் முன்சக்கரம் அந்தக் கோட்டில் இறங்கியது. ரீத்தா சமாளித்தாள். உடம்பை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் நிமிர்த்தினாள், பின்சக்கரமும் மெல்ல இறங்கப் பார்த்தது, டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டக் கையைத் தூக்கினார்கள்.

அப்போது ரோட்டுக்கு அடியிலிருந்து சவரி கத்தினான். அத்தனை வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“விழுடி! ரீத்தா, விழுடி!”

அவள் திகைத்தாள்.

“சமாளிக்காதடி! அப்படியே விழு! விழுந்து தொலைடி என் தாயே!”

ரீத்தா கைகளை விட்டாள். விழுந்த சத்தம் மார்க்கெட் வரைக்கும் கேட்டது. முழங்கை முறிந்தது, தாடை கிழிந்தது, சைக்கிள் ஒரு பக்கம் போய்க் கிடந்தது. வலியில் அவள் அலறியதைக் கேட்டுக்கொண்டே கீழே போனவன், விழுந்துட்டா, விழுந்துட்டா என்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போனான்.

தெருவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் வராத கோபம். நட்டநடு ரோட்டில் இப்படி ஒரு பிளவை விட்டுவைத்தால் சைக்கிளில் போகிற பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டார்கள், தணிகாசலம் வீட்டு வாசலில் போய் நின்றார்கள், அவர் மறுநாளே கருங்கல் ஜல்லியும் தாரும் ரோலரும் வரவழைத்தார். அமலோற்பவம் பிளவின்மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ரோலர்காரன் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தான்.

“உன் பொண்ணுதானே விழுந்திச்சு?” என்றாள் கன்னியம்மா. “உனக்கே இது நியாயமாப் படுதா?”

கீழே சவரி வந்துகொண்டிருந்தான்.

“எழுந்திரு அமலம். மூடிக்கட்டும்.”

“மூடினா உன்னை எப்படிய்யா பார்ப்பேன்?”

“கை சரியானதும் அவ மறுபடி ஏறுவா. எல்லாத் தரமும் நான் அந்த எடத்துல இருக்க மாட்டேன்.”

அவன் அந்த முனைக்குப் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஓரமாகப் போனாள். அவனே சொல்லிவிட்டான் என்று தெரு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லோரும் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஜல்லியும் தாரும் அவன் தலைக்கு மேலே மூடிக்கொண்டன, ரோடு பாய் விரித்த மாதிரி இருந்தது. யாரும் விழவில்லை. கீழே இருக்கிறவனுக்கு இனி யார் சோறு போடுவது என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை, ஆனால் ஐஸ் கிடங்குக்கு இனிச் சோற்றை யார் கொண்டுபோவது என்று கன்னியம்மா வீட்டில் சண்டை நடந்தது.

மறுநாள் காலை அமலோற்பவம் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டுத் தெருச்சுவரை உள்ளேயிருந்து குத்தினாள். தாழ்ந்து போன வீடு, ரோட்டின் வயிற்றுக்கு நேராக இருந்தது. செங்கல்லைப் பெயர்த்தாள், அதற்கு அப்பால் தார், மண், தார், மண், தேர்தல் தேர்தலாகப் பெயர்த்தாள், ரீத்தா கட்டுப் போடாத கையால் கற்களை அள்ளி ஓரம் தள்ளினாள். உச்சிவேளையில் கடப்பாரை வெற்றிடத்தில் போய் நின்றது. உள்ளே எலி வளை போல ஒரு வழி, அவன் போய்ப் போய் வைத்திருந்த வழி. கொஞ்சநேரத்தில் சவரியின் முகம் அந்த ஓட்டையைக் கடந்தது, தலை மட்டுமல்ல, தோள், நெஞ்சு, முழங்கால், பெடல்மேல் அவன் கால். ரீத்தா தன் அப்பாவின் காலை அன்றைக்குத்தான் பார்த்தாள். அடுத்த சுற்றில் அமலோற்பவம் சோற்றை உருட்டி அவன் வாயில் வைத்தாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. மார்க்கெட் முனையில் மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு இரும்பு மூடி இருந்தது, அதைத் திறந்து கையை நீட்டினால் கீழே போகிறவனிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தார்கள். இவ்வளவு புத்தி இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ. விடிந்ததும் அமலோற்பவத்தின் வாசலில் ஜனம் படி இறங்கி வந்து நின்றது, முதல் ஆளாகக் கன்னியம்மா.

“நல்ல வேலை பண்ண அமலம். போறவன்தானே, இதையும் குடுத்துடேன்.”

அமலோற்பவம் அவளைப் பார்த்தாள். சாப்பாட்டுக் கேரியரைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் கைகளில் இருந்ததையெல்லாம் பார்த்தாள்.

“குடு,” என்றாள்.

எல்லாவற்றையும் வாங்கினாள். டிபன் கேரியர்களை வாங்கினாள், ரிப்பேருக்குப் போகிற ரேடியோவை வாங்கினாள், மாமனாரின் செருப்பை வாங்கினாள். தணிகாசலத்தின் மகளுக்கு மறுவாரம் கல்யாணம். கூறைப்பட்டுக்கு ஓரம் அடித்துத் தர மார்க்கெட் முனைத் தையற்காரரிடம் சேர்க்க வேண்டுமென்று அவர் வீட்டிலிருந்து வந்த அரக்குப் பட்டையும் கைநீட்டி வாங்கி, கதவைச் சாத்தினாள்.

சவரி வந்தபோது ஓட்டையில் குனிந்து கேட்டாள்.

“இத்தினி வருஷம் சுமந்தியே, யாராச்சும் ஒரு பொருளாவது வந்து சேரலன்னு சொல்லியிருக்காங்களாய்யா?”

“சேச்சே. ஒருத்தரும் சொன்னதில்ல.”

“அதான் நீ பண்ண தப்பு.”

கேரியர்களைத் திறந்து வைத்துக்கொண்டு தாயும் மகளும் சாப்பிட்டார்கள், சுற்றி வரும்போதெல்லாம் சவரிக்கும் ஊட்டினார்கள். கன்னியம்மாவின் வஞ்சிரக் குழம்பு நன்றாகவே இருந்தது. அந்த முனையில் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றவர்களின் கைகளுக்குக் கீழே சவரி வெறுங்கையோடு போனான், மறுபடி வெறுங்கையோடு போனான்.

மதியத்துக்குள் தெரு கொதித்தது. சோத்தைத் திருடித் தின்றுவிட்டான் என்றார்கள், அடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பதுக்குகிறான் என்றார்கள், நன்றிகெட்டவன், ஊட்டி வளர்த்த தெருவுக்கே துரோகம் செய்தவன் என்றார்கள். பட்டு போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் தணிகாசலம் நடுத்தெருவுக்கு வந்து, தோண்டுங்கடா ரோட்டை என்றார். சர்க்கார் சொத்து என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, எஸ்டிமேட் என்று யாரும் சொல்லவில்லை. துளைக்கிற இயந்திரம் வந்தது, கடப்பாரைகள் வந்தன, தெருவில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள், ஒரு மனுஷனுக்காக அசையாத ரோடு எவர்சில்வர் பாத்திரத்துக்காகவும் பட்டுக்காகவும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. தண்டவாளம் வெளியே தெரிந்ததும் நெருப்பு வைத்து வெட்டி ஒரு துண்டைத் தூக்கி எறிந்தார்கள். தப்பித்து ஓடிவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

சவரி வந்தான். தண்டவாளம் தீர்ந்த இடத்தில் சைக்கிள் சாதுவாக நின்றது. பத்துக் கைகள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டன. அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றினான், பிறகு இன்னொரு காலை. இரண்டும் அவனைத் தாங்கவில்லை. ரோட்டிலேயே மல்லாந்து படுத்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டான்.

“பட்டு எங்கடா?” என்று உலுக்கினார்கள். “டேய், எழுந்திரு! பட்டு எங்க?”

அவன் அதற்குள் தூங்கிவிட்டிருந்தான். யாரோ உதைக்கக் காலைத் தூக்கினான். அப்போது தாழ்ந்த வீட்டின் படிகளில் அமலோற்பவம் ஏறி வந்தாள். தலையை வாரி, பூ வைத்து, அந்த அரக்குப் பட்டை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். பின்னால் ரீத்தா தலையணை எடுத்துக்கொண்டு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அமலோற்பவம் ஜல்லிமேல் உட்கார்ந்து, புருஷன் தலையைத் தூக்கித் தலையணையில் வைத்தாள்.

“அது என் பொண்ணு கல்யாணப் பட்டு,” என்று தணிகாசலம் கத்தினார்.

“தெரியும்ணா,” என்றாள் அமலோற்பவம். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மனுஷன் தூங்கறாரு.”